பத்தாம் நம்பர் ஓனர்

நவம்பர் 4, செவ்வாய்

விடிஞ்சதிலிருந்து மழை. துணி ஒண்ணும் காயல. ஆசாரி குடையோட வந்து பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போனார். கதவு தேக்கு, குறை சொல்ல முடியாது. பழைய தாழ்ப்பாள்தான் ஒரு கம்பிக்குத் தாங்கல.

போன மாசம் அஞ்சுகிராமத்துல ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேக்கப் போயிட்டு மத்தியானம் திரும்பி வந்தா, பின்கதவு ஆன்னு திறந்து கிடக்கு. பீரோவை உடைக்க நேரம் கிடைக்கல போல. அரிசிப் பானையைக் கவுத்துப் பாத்திருக்கான். பொம்பளைகள் நகையை அரிசிக்குள்ளதான் ஒளிச்சு வைப்பாங்கன்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். நகை பேங்க் லாக்கர்ல. அரிசி பூரா அடுக்களைத் தரையில.

அன்னைக்குக் கோவம்தான் வந்தது. பயம் மறுநாள்தான் வந்தது.

மணிகண்டன் பெங்களூர்ல இருந்து போன்ல கத்தினான். ஒத்த மகன். "பொங்கல் வரைதான் அம்மா. அதுக்குள்ள இன்னொரு தடவை இப்படி நடந்தா நான் கேக்க மாட்டேன். வீட்டை வித்துட்டு இங்க வந்திரணும்." நானும் "சரி மக்கா"ன்னு சொல்லித் தொலைச்சேன். ஏன் சொன்னேன்னு இன்னைக்கு வரை தெரியல. வாய் முந்திக்கிட்டுது.

சாயங்காலம் மூணாம் நம்பர் வக்கீல் தாணுமாலயன் வீட்டு கார் ஷெட்டில் தெருக்கூட்டம். வேம்படி நகர் மொத்தமும் ஒரே இடத்துல உக்காந்து நான் பாத்ததில்ல. காவலுக்கு ஆள் வைக்கிறதுன்னு முடிவு. ராத்திரிக்குத் தங்கப்பன், பட்டாளத்துல இருந்தவர். அதுல பேச்சு இல்ல. பகலுக்கு ஆள் எதுக்குன்னு வக்கீல் கேட்டார். நான்தான் சொன்னேன், நம்ம தெருவுக்குக் கள்ளன் பகல்லதானே வாறான், நாம கல்யாணத்துக்கும் துட்டிக்கும் போற நேரம் பாத்து.

பக்கத்து வீட்டு வசந்தா சொன்னா, "எனக்குத் தெரிஞ்ச பொம்பள ஒருத்தி உண்டு. மணக்குடிக்காரி. திருவனந்தபுரத்துல ஒரு பெரிய கடையில செக்யூரிட்டியா நின்னவ."

வக்கீல்: "பொம்பளையா?"

நான்: "வீட்டுல இருக்கது ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுட்டா கள்ளன் வாறான்?"

எல்லாரும் சிரிச்சாச்சு. வக்கீல் சிரிக்கல.

நவம்பர் 6, வியாழன்

மழை வெறிச்சிருக்கு. இன்னைக்கு அவ வந்தா. பேரு ஸ்டெல்லா. நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும். நீலச் சட்டை, தொப்பி, கழுத்துல விசில், பழைய ஸ்கூட்டர் ஒண்ணு. சைலன்சர் சத்தம் தெரு முக்குலயே கேக்கு. இந்தச் சத்தத்தைக் கேட்டே கள்ளன் ஓடிருவான், அப்புறம் பிடிக்கிறது எப்படின்னு நினைச்சேன்.

அடக்கம்ங்கிறது கிடையவே கிடையாது. வந்ததும் தன் பெருமை. "குவைத்துல அரபி வீட்டுல ரெண்டு நாய், நாலு பிள்ளைய, எல்லாத்தையும் நான் ஒருத்திதான் அடக்கி வச்சிருந்தேன் அக்கா. நாய் சீக்கிரம் படிஞ்சுது."

வீடு வீடா வந்து விவரம் கேட்டு எழுதினா. என் கேட்டுக்கு முன்னால நின்னு பெயர்ப்பலகையை வாசிச்சா. சு. சுந்தரம், தலைமை ஆசிரியர்.

"சார் இருக்காரா?"

"இல்ல. போய்ச் சேந்தாச்சு."

"அப்ப ஓனர் யாரு? மகனா?"

"நான்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தேன். என் சம்பளத்துல, என் லோன்ல கட்டினது. பத்திரம் என் பேர்ல."

"அதச் சொல்லுங்க"ன்னு எழுதிக்கிட்டா. பத்தாம் நம்பர், ஓனர் பகவதி.

இந்தத் தெருவுல இத்தனை வருஷம், இது சுந்தரம் சார் வீடு. போஸ்ட்மேனுக்கு, பால்காரருக்கு, வக்கீலுக்கு, எல்லாருக்கும். அவருக்கு மட்டும் அப்படி இல்ல. "நான் உன் வீட்டுல வாடகை குடுக்காத குடித்தனக்காரன்"னு சொல்லிச் சிரிப்பார். இன்னைக்கு மனசு அவரை ரொம்பத் தேடுகு.

நவம்பர் 8, சனி

இன்னைக்குப் பட்ட வெட்கம் கொஞ்ச நஞ்சமில்ல.

பத்து மணி வாக்குல ஸ்டெல்லா விசிலை ஊதினா. என்னமோ ஏதோன்னு எல்லாரும் கேட்டுக்கு ஓடி வந்தாச்சு. தெரு நடுவுல ஸ்கூட்டரை நிறுத்தி, சீட்டு மேல ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியோட அடி தெரியல. பூரா சாவி.

"வேம்படி நகர் சாவிய எல்லாம் இதுல உண்டு. அவியவிய வீட்டுச் சாவிய அடையாளம் பாத்து எடுத்துக்கிடுங்க."

ஒரு பூட்டையும் உடைக்கல அவ. கேட்டைத் தாண்டிக் கை விட்டா எட்டுற இடத்துலதான் எல்லாம் இருந்திருக்கு. ஒருத்தர் ரோஜாத் தொட்டிக்கு அடியில. ஒருத்தர் மழைச்செருப்புக்குள்ள. மிச்சம் அத்தனை பேரும் மீட்டர் பெட்டிக்குள்ள. நானும்தான். வீடு கட்டின நாள்ல இருந்து அதுக்குள்ளதான். மணி ஸ்கூல் விட்டு வந்து எடுக்கதுக்காக வச்ச பழக்கம். அவன் படிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணமும் ஆயாச்சு, சாவி மட்டும் அங்கயே இருந்திருக்கு.

அடுத்தவன் வீட்டுச் சாவி எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நம்ம இடம் ரகசியம்னு ஒவ்வொருத்தருக்கும் நினைப்பு.

வசந்தா வாளிக்குள்ள கை விட்டுக்கிட்டே சொன்னா, "ஏட்டி, உன்ன வச்சது கள்ளனப் பிடிக்க, எங்களப் பிடிக்க இல்ல."

"முதல்ல உங்களப் பிடிச்சாதான் அவனப் பிடிக்க முடியும் அக்கா."

வக்கீலும் வந்து, ரெண்டு சாவியை எடுத்துக்கிட்டுப் போனார். ரெண்டு.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. முழங்கால் வலி. பி.பி. மாத்திரை தீரப் போகு, வாங்கணும். தேங்காய் வெட்ட ஆள் சொல்லணும்.

தெரு வாட்ஸ்அப் குரூப்புல ஸ்டெல்லா ஒரு சட்டம் போட்டிருக்கா. விருந்தாளி வந்தா முன்கூட்டியே போடணும். யாரு, எப்போ, எந்த வீட்டுக்கு. அந்த வீட்டு ஓனர் "சரி"ன்னு பதில் போட்டாத்தான் உள்ள விடுவா. சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கன்னு ஆளாளுக்குப் பொருமல். எனக்கும் சள்ளை, தொந்தரவுன்னுதான் தோணிச்சு.

காலையில மீன்காரி ரெஜினாவை நிறுத்திக் கேள்வி கேட்டா. ரெண்டு பேரும் ஒரே ஊர். மனசு கேக்காம நான் போயி, "ஏட்டி, உன் ஊர்க்காரிதானே, அவளையுமா?"ன்னேன்.

"அவள விட்டுட்டு பழைய இரும்பு எடுக்க வாற கிழவன நிறுத்தினா நாளைக்கு அவன் என்ன நினைப்பான்? எல்லாரையும் கேக்கணும். இல்லன்னா ஒருத்தரையும் கேக்கப்படாது."

சொன்னபடியே செய்யவும் செய்யா. சாயங்காலம் வக்கீல் காரையும் நிறுத்தினா. பக்கத்து சீட்டுல புது ஆள். "சாரே, கூட இருக்கது யாரு?" வக்கீலுக்கு வந்த கோவம், வெப்ராளம் இருக்கே. என் தெருவுல என்னையே கேப்பியான்னார். கேட்டுட்டா. அவரும் பதில் சொல்லிட்டுத்தான் போனார். அவரு மச்சினனாம்.

ஒரு விஷயம் பாத்தேன், எழுதியே வைக்கேன். வக்கீல் வீட்டம்மா எல்லாருக்கும் டம்ளர்ல காப்பி குடுக்கா. ஸ்டெல்லாவுக்குப் பேப்பர் கப். எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்தது. ஸ்டெல்லா குடிச்சுட்டுக் கப்பைக் கசக்கிக் குப்பையில போட்டா. "நல்லதுதான் அக்கா, கழுவ வேண்டாம் பாத்தியளா." அவளுக்குப் புரியாமலா இருக்கும்.

நவம்பர் 14, வெள்ளி

மணி போன். பாதிப் பேச்சு வீட்டைப் பத்தி, பாதி என் பி.பி.யைப் பத்தி. "இங்க அபார்ட்மெண்ட்ல கேட்ல மட்டும் நாலு செக்யூரிட்டி அம்மா. ஈ உள்ள வராது."

வராதுதான். அந்த ஈ நான்தானே.

சித்திரையில நான் போனப்போ அவன் ஆபீஸ்ல மீட்டிங். கேட்டுல நிறுத்தி, எந்த ஃப்ளாட், ஓனர் யாருன்னு ஹிந்தியில கேட்டான் ஒரு பையன். எனக்கு ஹிந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. மகன் அவன் போன்ல ஒரு பட்டனை அமுக்கினாத்தான் நான் உள்ள போகலாமாம். அவன் அமுக்கல. போனையும் எடுக்கல. பிளாஸ்டிக் நாற்காலியில வெயில்ல உக்காந்திருந்தேன். மடியில பலாச்சக்கை வத்தல், கால்மாட்டுல மட்டிப்பழ வாழைக்குலை. அந்த செக்யூரிட்டிப் பையன் பாவம், தண்ணி கொண்டு தந்தான். அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவன் வேலையை அவன் பாத்தான்.

பழம் கனிஞ்சு ரெண்டு மூணு உதிர்ந்தே போச்சு. மணி வந்து, "அது சேஃப்டி அம்மா"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். அங்க இருந்த நாள் பூரா என் பேரு யாருக்கும் தெரியாது. ஏழாவது மாடி ஆன்ட்டி.

இதை அவன்கிட்ட சொன்னதில்ல. சொன்னா, இதுக்குப் போயா அம்மாம்பான்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒண்ணு. வக்கீல் மாலை போட்டுட்டார். கறுப்பு வேட்டி, வெறுங்கால். ஸ்டெல்லா அதுக்கும் விடல. "சாமி, கூட வாறது யாரு?" சாமி கோவப்படக் கூடாதே. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "குருசாமி"ன்னார்.

இன்னைக்குப் பெரிய சண்டை ஃப்ளெக்ஸ் போர்டுக்கு. வசந்தா மக கல்யாணம் முப்பதாம் தேதி. தெரு முக்குல வைக்க பெரிய ஃப்ளெக்ஸ் அடிச்சிருக்கா. பொண்ணு, மாப்பிள்ளை, மாமன், சித்தப்பன், ஒண்ணு விடாம எல்லா முகமும். தேதி, மண்டபம், முகூர்த்த நேரம், எல்லாம்.

ஸ்டெல்லா கட்டவே விடல. "இது கள்ளனுக்கும் சேத்துல்லா அழைப்பு. இன்ன நாள், இன்ன நேரம், இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் ஆள் இருக்காது. அவனும் வாசிப்பான்லா."

வசந்தாவுக்குக் கண்ணு நிறைஞ்சுது. "என் ஒத்தப் பொண்ணு. ஒரு போர்டு வைக்கப்படாதா நான்?" அவ பக்கமும் நியாயம் உண்டு. ஃப்ளெக்ஸ் இல்லாத கல்யாணத்தை இங்க எவன் கல்யாணம்னு சொல்லுவான். கடைசியில மண்டப வாசல்ல வைக்கதுன்னு ஆச்சு. கொண்டு போக வண்டி கிடைக்கல. ஸ்டெல்லாவே ஸ்கூட்டர் பின்னால கட்டி, மாப்பிள்ளை முகத்தைத் தலைகீழாத் தொங்கவிட்டுக்கிட்டுப் போனா. வசந்தா அழுதுக்கிட்டே சிரிச்சா.

நவம்பர் 22, சனி

இதை நிதானமா எழுதணும்.

நாலரை மணி. வசந்தாவும் நானும் ஜாக்கெட் தைக்கக் குடுத்ததை வாங்கிட்டு நடந்து வாறோம். அவ கழுத்துல தாலிச் செயின். பின்னால ஒரு பைக் வந்தது, பையப் பைய. ரெண்டு பேரு, ஹெல்மெட். முந்திப் போகவும் இல்ல, நிக்கவும் இல்ல. எனக்குப் பிடரியில ஏதோ ஊருது.

அப்ப முக்குல இருந்து அந்தச் சைலன்சர் சத்தம். ஸ்டெல்லா ஸ்கூட்டரைக் கொண்டு வந்து தெருவுக்குக் குறுக்கால போட்டா. போட்டான்னா, சாய்ச்சே போட்டுட்டா. விசிலை ஊதுகா, ஊதுகா, மூச்சு விடாம ஊதுகா. பைக்காரன் வளைச்சுத் திருப்பினான். வசந்தா தோள்ல பின்சீட்டுக்காரன் கை பட்டுது, செயின்ல படல. ஸ்டெல்லா பின்னாலயே ஓடி, ஈரத்துல வழுக்கி விழுந்தா. அவனுக பறந்துட்டானுக.

தெருவே வெளிய வந்தாச்சு. ஸ்டெல்லா நடு ரோட்டுல உக்காந்திருக்கா. முழங்கால்ல ரத்தம், தொப்பி சாக்கடை ஓடைக்குள்ள. வாயில வந்த வார்த்தையை எல்லாம் அந்தப் பைக்குக்கு விட்டுக்கிட்டிருக்கா. அது இங்க எழுதக்கூடியது இல்ல. மாலை போட்ட சாமி நிக்கதைப் பாத்துத்தான் நிறுத்தினா.

நான் டிஞ்சர் போட்டுக் கட்டினேன். "பயமா இல்லியா ஏட்டி?"ன்னு கேட்டேன். "பயம் வரத்தான் செஞ்சுது அக்கா. ஆனா அவனுக்கும் இருக்கும்லா. யாரு பயம் முதல்ல வெளிய தெரியுகோ அவன் தோத்தான்."

இவளை மாதிரி ஒரு பொம்பளையை நான் பாத்ததில்ல. சொல்லக் கூச்சமா இருக்கு, அவ காலைத் தொட்டுக் கட்டும்போது எனக்குப் பெருமையா இருந்தது.

வக்கீல் வீட்டம்மா காப்பி கொண்டு வந்தா. பேப்பர் கப்தான். நான் அதை வாங்கிக்கிட்டேன். எனக்கு வந்த டம்ளரை ஸ்டெல்லா கையில குடுத்தேன்.

மணிகிட்ட இதைச் சொல்லலாமா வேண்டாமா? சொன்னா, "பாத்தியா, இன்னொண்ணு நடந்தாச்சு"ம்பான். சொல்லல.

நவம்பர் 24, திங்கள்

வசந்தா குரூப்புல எல்லாத்தையும் போட்டு, அவ அக்கா மகனுக்கும் அனுப்பி, அவன் மணிக்கு அனுப்பி. மணி போன் பண்ணினான். கத்தல. கத்தாம இருந்ததுதான் எனக்குப் பயம். "சரிம்மா, பாப்போம்"னு வச்சுட்டான்.

நவம்பர் 29, சனி

நாளைக்குக் கல்யாணம்.
பட்டு, பச்சை. ஜாக்கெட் கை இறுக்கம்.
மோதிரம் பேங்க்ல இருந்து எடுத்தாச்சு.
மோட்டார் ஸ்விட்ச் அணைக்க.
கேஸ் மூட.
பின்கதவு. திரும்பவும் பின்கதவு.
சாவி என் பர்ஸ்ல. மீட்டர் பெட்டியில இல்ல.

நவம்பர் 30, ஞாயிறு

எங்க இருந்து தொடங்க. மழை இல்ல, நல்ல வெயில்.

முகூர்த்தம் நல்லபடியா ஆச்சு. வசந்தா மக மகாலட்சுமி மாதிரி இருந்தா. முதல் பந்தியிலயே உக்காந்தேன். பருப்பு, சாம்பார், புளிசேரி எல்லாம் தாண்டி அடைப்பிரதமன் பாயசம் வெளம்பியாச்சு. அப்பதான் பர்ஸ்ல போன் அதிருகு. ஸ்டெல்லா.

"அக்கா, உங்க வீட்டுல ரெண்டு பேரு. ஒருத்தன் மீட்டர் பெட்டிக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டு, கேட்டு ஏறிக் குதிச்சான். பிடிச்சு வச்சிருக்கேன். உங்க மகன்னு சொல்லுகான்."

"பேரு கேட்டியா?"

"மணிகண்டனாம். கார்த்திகை மாசம் நாகர்கோயில்ல கல்ல விட்டெறிஞ்சா மணிகண்டன் மேலதான் விழும்."

பின்னால குரல் கேட்டுது. "அம்மாட்ட குடுங்க, நான் பேசுகேன்." டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல காலம் முழுக்க குரல் கேட்டவ நான். வயித்துல சுமந்த குரல் தெரியாதா. அவனை உள்ள விடு, என் மகன்தான்னு சொல்ல வாயைத் திறந்தேன்.

ஸ்டெல்லா அடுத்ததைச் சொல்லிட்டா. "கூட வந்தவன் புரோக்கராம். வீடு பாக்க வந்தானாம். நீங்க சொல்லியா வந்தாவ?"

கல்யாண வீட்டுச் சத்தம் எல்லாம் எங்கயோ போயிட்டுது. நான் இல்லாத நாளாப் பாத்து. என்னைக் கேக்காம. சொந்த மகன்.

"நான் வாறது வரை அங்கயே இருக்கட்டும்"னு சொல்லி வச்சுட்டேன்.

எந்திரிச்சு ஓடல. இலையில பிரதமன் இருந்தது. மட்டிப்பழத்தை உரிச்சுப் போட்டுப் பிசைஞ்சு, முழுசும் சாப்பிட்டேன். ருசி தெரியல. மோர் வாங்கினேன். இலையை மூடினேன். வசந்தாகிட்ட சொல்லிக்கிட்டு, வெத்திலைப் பையை வாங்கிக்கிட்டு, ஆட்டோ பிடிச்சேன்.

கேட்டுக்கு வெளிய, வெயில்ல, பிளாஸ்டிக் நாற்காலியில மணி உக்காந்திருக்கான். மடியில பேக். முகம் சிவந்து கிடக்கு. ஸ்டெல்லா முழங்கால் கட்டோட பக்கத்துல நிக்கா. கையில ஒரு தண்ணி பாட்டில் குடுத்திருக்கா. புரோக்கர் எப்பவோ ஓடியாச்சு.

கல்யாணத்துக்குப் போகாம விரதத்துல இருந்த வக்கீலும் அங்க நிக்கார். "நானும் சொல்லிப் பாத்துட்டேன், இது சுந்தரம் சார் மகன், விடுன்னு. கேக்கணுமே."

"உங்க வீட்டுக்கு நீங்க சொல்லலாம் சாமி. இது அவிய வீடு."

அப்புறம் என்னைப் பாத்தா. "அக்கா, இது உங்க மகனா?"

"ஆமா."

"உள்ள விடலாமா?"

மணி தலையைத் தூக்கி என்னைப் பாத்தான். அந்தப் பார்வையை நான் அவன் அஞ்சாங்கிளாஸ்ல ஃபெயிலாகி வந்தப்போ பாத்தது. நெஞ்சு உருகிப் போச்சு. ஆனா உடனே பதில் சொல்லல. சத்தியமாச் சொல்லுகேன், உடனே சொல்லல.

அப்புறம், "விடு"ன்னேன்.

டிசம்பர் 1, திங்கள்

நேத்து ரெண்டு பேரும் பேசல. பெங்களூர் பஸ்ல வந்தவன் குளிச்சுட்டுப் படுத்துட்டான். இன்னைக்குக் காலையில தோசை சுட்டு வச்சேன். சாப்பிட்டுக்கிட்டே தொடங்கினான்.

"விலை மட்டும் கேட்டு வைக்கலாம்னுதான்மா."

"என்ட்ட கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே."

"ஆமா. சொல்லுவேன். அதுதான் பதில். பதில் தெரிஞ்சுதானே கேக்காம வந்தே."

தோசையைப் பிச்சுப் பிச்சுத் தட்டுலயே போட்டான். பிறகு சொன்னான், "உன் நம்பர்ல இருந்து நேரங்கெட்ட நேரத்துல போன் வந்தா, எடுக்கதுக்கு முன்னால எனக்குக் கை குளுந்து போகு அம்மா. யாரு என்ன சொல்லப் போறாங்களோன்னு."

இதை நான் நினைச்சதே இல்ல. என் பயத்தை மட்டும்தான் கணக்குல வச்சிருந்தேன். அவனுக்கும் ஒரு பயம் பெங்களூர்ல தனியாக் கிடந்திருக்கு.

அப்பதான் மட்டிப்பழக் கதையைச் சொன்னேன். கேட்டு, நாற்காலி, உதிர்ந்த பழம். அவனுக்கு ஞாபகமே இல்ல. "நேத்து நீ உக்காந்தியே, அது மாதிரிதான்"னேன். தோசையை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போனான். கையைக் கழுவிட்டு வந்து, பாத்திரத்தை எல்லாம் அவனே தேய்ச்சு வச்சான். ஒண்ணு ரெண்டுல பிசுக்கு போகல. நான் சொல்லல.

டிசம்பர் 2, செவ்வாய்

தூறல். மணி ஸ்டெல்லாவோட தெரு சுத்தப் போனான். வேடிக்கை பாக்கப் போனவன் மத்தியானம் வரை வரல. வந்தவன் வாய் ஓயல. எந்த வீட்டு மதில் குட்டை, எந்த வீட்டுல அப்பாவும் மகளும் மட்டும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எது சும்மா படுத்துக் கிடக்கும். "அம்மா, எங்க அபார்ட்மெண்ட்ல இருக்க நாலு பேருக்கும் என் பேரு தெரியாது. ஃப்ளாட் நம்பர்தான் தெரியும். இந்தம்மா, உனக்கு எந்தக் கால்ல வலின்னு சொல்லுகா."

குவைத் நாய்க் கதையும் கேட்டிருக்கான். அது தப்பாது.

தெரு குரூப்புல தன்னையும் சேக்கச் சொன்னான். சேத்தாச்சு. வீட்டைப் பத்தி ஒரு பேச்சும் எடுக்கல. எனக்குத்தான் உள்ள கிடந்து அடிக்கு. கேட்டுரலாமா? கேக்கல.

டிசம்பர் 3, புதன்

மணி போயாச்சு. பேக்ல சக்கை வத்தல், நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு சீப்பு மட்டி.

ஆட்டோ வந்து நிக்கு. ஸ்டெல்லா முக்குல இருந்து வந்தா. மணி அவகிட்ட, "அம்மாவைப் பாத்துக்கிடுங்க அக்கா"ன்னான். நல்ல பிள்ளையா, கையெல்லாம் கூப்பி.

ஸ்டெல்லா: "பாத்துக்கிட அவிய என்ன கைப்பிள்ளையா தம்பி? நான் தெருவப் பாக்கேன். அவிய வீட்ட அவியளே பாப்பாவ."

மணி தலையாட்டிட்டு ஆட்டோவுல ஏறினான். ஆட்டோ முக்குத் திரும்பினதும் ஸ்டெல்லா பேரேட்ல நிக்க மாதிரி எனக்கு ஒரு சல்யூட் அடிச்சா. "போ ஏட்டி, வேலையப் பாரு"ன்னேன். உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டு நல்லா அழுதேன். துக்கம் இல்ல.

டிசம்பர் 5, வெள்ளி

வெயில். தேங்காய் வெட்டியாச்சு. மாத்திரை வாங்கியாச்சு. வக்கீல் மலைக்குப் போறார். போறதுக்கு முன்னால ஸ்டெல்லாகிட்ட அவரே போயி, எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடக்கும்னு சொல்லிட்டுப் போனதை ஜன்னல்ல பாத்தேன்.

குழம்பு தாளிக்கும்போது போன் சத்தம். தெரு குரூப். மணி போட்டிருக்கான்.

"மணிகண்டன், பெங்களூர். பொங்கலுக்கு நானும் மனைவியும் வாறோம். பத்தாம் நம்பர் வீட்டுக்கு. ஓனர் அனுமதிச்சால்."

அவன் வச்ச கெடு பொங்கல். அதே பொங்கலுக்கு விருந்தாளியா வாறான். திரும்பத் திரும்ப வாசிச்சேன். கண்ணாடியைத் துடைச்சுட்டும் வாசிச்சேன்.

அதுக்கு அடியில ஸ்டெல்லா: "ஓனர் பதில் போடணும்."

அப்புறம் வசந்தா: "பகவதி, போடு."

அப்புறம் திரும்பவும் மணி: "அம்மா?"

குழம்பை இறக்கி வச்சேன். அப்பளம் பொரிச்சேன். சோறு போட்டு உக்காந்தாச்சு. போன் பக்கத்துலதான் இருக்கு. சாப்பிட்டு, கை கழுவிட்டு, "சரி"ன்னு போடணும். அதுவரை அவன் கேட்டுல உக்காந்திருக்கட்டும்.